காவிரியின் மண்

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்பதும் ஒரு பொருளாகும். மலையிற் பிறந்த நீர் கடலை அடையச் செல்லும் வழியே ஆறு எனப்பட்டது. ஆயின், அவ்வழியிற் செல்வது நீர் மட்டும் அன்று. மலைப்பாறை வெயிலாலும் மழையாலும் நாள்தோறும் சிதைகின்றது. சரளையும் மணலும் நுண்துகளும் ஆகின்றது. அவற்றை வாரிக்கொண்டு செல்வதும் ஆற்றின் தொழிலே. புதுவெள்ளம் செந்நிறம் பெற்று வருவதற்குக் காரணம் இம்மண்ணே அன்றோ? ஆகவே, ஓர் ஆற்றை அறிய விரும்புவோர், அது எவ்வளவு நீரைக் கொண்டுவருகின்றது என்று கேட்பதோடு, எவ்வளவு மண்ணைக் கொண்டுவருகின்றது என்றும் கேட்டல் வேண்டும். காவிரியைப் பற்றிய முதற் கேள்வி நூறாண்டுகளுக்கு மேலாக ஓயாமல் கேட்கப்பட்டு வருகின்றது. இரண்டாம் கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே. நீரைப் பற்றிய கவலையோடு மண்ணைப் பற்றிய கவலையும் பிறந்தாலன்றித் தஞ்சை வளநாட்டின் வாழ்வு நிலைபெறாது.

குடகு மலையிலுள்ள தலைக்காவிரியில் தோன்றும் காவிரி, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகின்றது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் அதனின்றும் பிரிகின்றது. கல்லணையில் வெண்ணாறு பிரிகின்றது. அதன் பின்னர்க் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு எனக் கிளைகள் பல தோன்றி, கைவிரல்களைப் போலப் பரந்து செல்கின்றன. நிலம் சமமாகும் இடத்தில் நீரின் விரைவு குறைகின்றது. விரைவு குறையவே, அதன் சுமக்கும் ஆற்றலும் குறைகின்றது. பருமணல் முதலிற் படிகின்றது. நுண்ணிய வண்டல் வெள்ளத்தோடு நெடுந்தூரம் சென்று, நீர் தேங்கும் இடத்தில் மெல்லப் படிகின்றது. ஆறு ஒதுக்கிவிட்டுச் செல்லும் இம்மண்ணை உழவர் எக்கல் என்று வழங்குவர். பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்வாறு படிந்த மண்ணே தஞ்சைச் சமவெளி. காவிரிக்குப் பொன்னி என்றொரு பெயரும் உண்டு. அவ்வாறு நிறைந்து வரும் ஆற்றைப் பொன் கொழிக்கும் ஆறு என்று முன்னோர் எண்ணியதில் வியப்பில்லை.

இம்மண்ணின் பிறப்பை அறிவியலாரும் நுணுகி ஆராய்ந்துள்ளனர். புதுதில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரமோத் சிங், இராசாமணி ஆகிய இருவரும் காவிரியின் வெள்ளச் சமவெளிகளிற் படிந்த வண்டலை எடுத்து, அதிலுள்ள தனிமங்களை அளந்து, அது எவ்வகைப் பாறைகளிலிருந்து பிறந்தது என்று ஆராய்ந்தனர். அவர்தம் ஆய்வுக் கட்டுரைகள் 2001ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒரு பிடி வண்டல் என்பது மலையின் வரலாற்றைத் தன்னுள் அடக்கிய ஏடு என்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டுகின்றன.

மண் படிவதற்கு நீரின் தளர்ச்சி மட்டும் போதாது; படிந்த மண் நிலைப்பதற்குச் செடியும் மரமும் வேண்டும். இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களுள் ஆங்கில நாட்டு ஆற்றியல் அறிஞரான ஏஞ்சலா கர்னல் அம்மையார் ஒருவர். அவரும் அவர்தம் துணைவரும் இத்தாலி நாட்டின் வடபகுதியில் ஓடும் தாலியமெந்தோ என்னும் ஆற்றை ஆராய்ந்தனர். வெள்ளம் வேரோடு பறித்துக் கொணர்ந்த மரம் ஒன்று ஆற்றிடைத் திட்டில் ஒதுங்குகின்றது. அது அங்கேயே மீண்டும் தளிர்க்கின்றது. தளிர்த்த கிளைகள் அடுத்த வெள்ளத்தின் விரைவைத் தடுக்கின்றன. அதனால் நுண்மணல் அங்கே படிகின்றது. படிந்த மணலில் வேறு செடிகள் முளைக்கின்றன. சில ஆண்டுகளில் அவ்விடம் மரமடர்ந்த தீவாகின்றது. ஆறு மரத்தை வளர்க்கின்றது என்பது எல்லாரும் அறிந்ததே. மரமும் ஆற்றை வடிவமைக்கின்றது என்பது இவ்வாராய்ச்சியால் விளங்கிய உண்மையாகும்.

இவ்வுண்மை தஞ்சை உழவருக்குப் புதியதன்று. ஆற்றின் நீரோட்டத்திற்கும் உயர்ந்த கரைக்கும் இடைப்பட்ட நிலத்தை அவர்கள் படுகை என்பர். படுகையில் மூங்கில் வளர்த்தல் அந்நாட்டுப் பழைய வழக்கம். மூங்கிலின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கரையைக் கட்டிப் பிடிக்கும். நாணல் வெள்ளத்திற்கு வளைந்து கொடுத்து, வெள்ளம் வடிந்தபின் மீண்டும் நிமிரும். அது வளைந்து கிடக்கும் பொழுதே அதன் அடியில் வண்டல் தங்கும். நீர்மருதும் புங்கும் நாவலும் இலுப்பையும் கரைக்கு நிழலும் உரமும் தரும். கா விரிதலால் காவிரி எனப் பெயர் பெற்றது என்று பெயர்க்காரணம் கூறுவாரும் உளர். சோலையை விரித்துச் செல்வது ஆறு. அச்சோலையே ஆற்றின் கரையைக் காப்பது. நீர், மண், மரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஆறு.

இம்மூன்றனுள் நீர் மட்டும் வந்து, மண் வாராதிருந்தால் என்ன நேரும்? இக்கேள்விக்கு விடையாக அமைந்த ஊர் ஒரத்தநாடு.

தஞ்சாவூருக்குத் தெற்கே பட்டுக்கோட்டைச் சாலையில் உள்ளது ஒரத்தநாடு. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி எழுப்பிய முத்தம்பாள் சத்திரத்தால் பெயர் பெற்றது அவ்வூர். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதன் நிலம் கும்பகோணத்து நிலம் போன்றதன்று. காவிரியின் பழைய பாசனப் பகுதியிற் காணப்படும் கரிய களிமண் அங்கு அரிது. செம்மண்ணும் மணல் கலந்த மண்ணுமே பெரும்பாலும் உள்ளன. அம்மண்ணில் ஊற்றிய நீர் விரைவில் அடியில் இறங்கிவிடும். இட்ட உரமும் நீரோடு கரைந்து இறங்கும். வானத்தையும் ஏரியையும் நம்பியே அப்பகுதி உழவர் நெடுங்காலம் வாழ்ந்தனர்.

1934ஆம் ஆண்டில் அந்நிலை மாறிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அத்திட்டத்தின் பகுதியாகக் கல்லணையிலிருந்து புதிய கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. கல்லணைக் கால்வாய் என்றும், மக்கள் வழக்கில் புது ஆறு என்றும் பெயர் பெற்ற அக்கால்வாய், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளம் உடையது. தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாகச் சென்று, இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்கும் நூற்றுக்கணக்கான ஏரிகளுக்கும் நீர் அளிக்கின்றது. காவிரி எட்டிப் பாராத மேட்டு நிலத்தில் நெல் விளையத் தொடங்கியது. பல்லாயிரம் குடும்பங்களின் வறுமை தீர்ந்தது. மேட்டூர் அணையைப் பழிப்பவர் எவராயினும் இந்நன்மையை மறத்தல் ஆகாது. 1924ஆம் ஆண்டில் காவிரி பெருக்கெடுத்து விளைத்த பேரழிவைப் போன்றதொன்று எளிதில் நேராவண்ணம் காத்ததும் அவ்வணையேயாகும்.

ஆயினும், இங்கே ஊன்றிக் கருதற்பாலது ஒன்று உண்டு. எந்த அணையால் ஒரத்தநாட்டிற்குக் காவிரி நீர் கிடைத்ததோ, அதே அணையால் காவிரியின் மண் தடுக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தில் ஆறு அசைவற்று நிற்கின்றது. அசையாத நீர் தான் சுமந்து வந்த மண்ணை அடியில் இறக்கிவிடுகின்றது. மதகின் வழியே வெளிவருவது பெரும்பாலும் தெளிந்த நீரே. கும்பகோணமும் மன்னார்குடியும் ஆறு பல்லாயிரம் ஆண்டு சேர்த்துக் கொடுத்த மண்ணை முன்னரே பெற்றவை. முன்னோர் தேடிவைத்த செல்வத்தைக் கொண்டு வாழ்பவரை ஒத்தவை. ஒரத்தநாடோ, அச்செல்வம் நின்றுபோன ஆண்டிலேயே ஆற்றின் குடும்பத்திற் சேர்ந்தது. அது பெற்றது பாதிக் காவிரி. முன்னோர் செல்வம் உள்ளவரும் இதனைப் பிறர் துன்பம் என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. வருவாய் நின்றபின் வைப்பு எத்தனை நாள் நிலைக்கும்?

அணையிற் தங்கிய வண்டல் அங்கும் பயன்படவில்லை. நீருக்குரிய இடத்தை அது கவர்ந்துகொண்டது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுடன் கட்டப்பட்ட அந்நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி இன்று மண்ணால் நிரம்பியுள்ளது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வண்டலை அள்ளும் பணி தொடங்கப்பட்டது. அணை எழுந்து 83 ஆண்டுகள் கழிந்த பின்னரே அம்முதற் பணி நடைபெற்றது. அள்ளிய மண்ணை உழவர் தம் வயல்களுக்குக் கொண்டு சென்றனர். அவர்கள் அதனைச் சேறு என்று இகழவில்லை. எரு என்று போற்றி எடுத்துச் சென்றனர்.

மண்ணை இழந்த நீரின் இயல்பு வேறு. கலிபோர்னியாவைச் சேர்ந்த கான்டால்ப் என்னும் அறிஞர் 1997ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் அதனைப் பசித்த நீர் என்று குறித்தார். சுமப்பதற்கு மண் இல்லாத நீர், தான் செல்லும் ஆற்றின் அடியையும் கரையையும் அரித்துத் தன் பசியைத் தீர்த்துக்கொள்கின்றது. மேலிருந்து புதுமணல் வாராத அந்நிலையில், உள்ள மணலையும் மனிதர் அளவின்றி அள்ளினால் ஆற்றின் அடி மேலும் தாழ்ந்து போகும். அடி தாழ்ந்தால், கரையிலுள்ள வாய்க்காலின் தலைமதகு மேடாகி நிற்கும். ஆற்றில் நீர் ஓடும்; வாய்க்காலில் ஏறாது. பாலத்தின் தூண்களுக்கும் அணையின் அடித்தளத்திற்கும் பிடிப்புக் குறையும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபொழுது, முக்கொம்பில் மேலணையின் மதகுகள் சில இடிந்து வீழ்ந்தன. திருச்சிராப்பள்ளியில் 1928ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் அம்மாதத்திலேயே சாய்ந்தன. இவற்றிற்கு முதுமை முதலிய காரணங்களும் கூறப்படுகின்றன. ஒன்றையே காரணமாகக் கொள்ளுதல் முறையன்று. எனினும், மணற்படுகையின்மீது கட்டப்பட்டவை அப்படுகை தாழ்ந்தால் நிலைகுலையும் என்பதை எவரும் மறுக்க இயலாது. கல்லணையே மணலின்மீது கல்லை அடுக்கிக் கட்டப்பட்டது. ஆற்று மணலில் அடித்தளம் அமைக்கும் கலையை ஆர்தர் காட்டன் என்னும் பொறியியல் அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் கல்லணையைக் கண்டே கற்றார். அம்மணலின் அருமையை அக்கலையைக் கண்ட நாடு மறக்கலாமோ?

ஆற்றின் முடிவிலும் இக்குறை தோன்றுகின்றது. ஒரத்தநாட்டிற்குத் தென்கிழக்கே கடலோரத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு உள்ளது. பாமணியாறு, கோரையாறு முதலியன அங்குச் சென்று கடலோடு கலக்கின்றன. உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் சேற்றிலே வளர்வன அலையாத்தி மரங்கள். அவற்றிற்குச் சேற்றைத் தருவது ஆறு. உப்பின் கடுமையைத் தணிப்பதும் ஆறு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த செல்வம் என்னும் அறிஞர், இந்திய அலையாத்திக் காடுகளை வகைப்படுத்தி 2003ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் ஆற்றால் உருப்பெற்ற காடுகளாகக் கருதினார். ஆற்று நீரின் வரவு குறைந்தால் அத்தகைய காடுகளில் உப்பைப் பொறுக்கும் சில மரங்களே எஞ்சும். முத்துப்பேட்டையில் இன்று வெண்கண்டலே பெரும்பான்மையாக உள்ளது. அந்நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர் மக்களும் கூடி, மீன்முள் வடிவில் சிறு கால்வாய்களை வெட்டி, அழிந்த பகுதிகளில் மரங்களை மீண்டும் வளர்த்தனர். மனித முயற்சி பயன் தரும் என்பதற்கு அஃது ஒரு சான்று. ஆயினும் மேலிருந்து நீரும் மண்ணும் குறைந்துகொண்டே போனால், கீழே செய்யும் முயற்சி எத்துணை நாள் நிலைக்கும்?

பிற நாடுகளின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. எகிப்து நாட்டில் அசுவான் பேரணை 1970ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆண்டுதோறும் நைல் நதி கொணர்ந்த வண்டல் அதன்பின் அணையிற் தங்கிற்று. செயற்கை உரத்தை நம்பும் நிலை உழவருக்கு வந்தது. நைலின் முகத்துவாரத்தில் கடற்கரை அரிக்கப்பட்டது. உலகின் 33 கழிமுக நிலங்களை ஆராய்ந்து, சிவிட்சுக்கி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2009ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அணைகளில் வண்டல் தடுக்கப்படுதல், நிலத்தடியிலிருந்து நீரும் எண்ணெயும் எடுக்கப்படுதல் ஆகிய காரணங்களால் அவற்றுட் பல தாழ்ந்து வருகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. கடல் மட்டமோ உயர்ந்து வருகின்றது. மண் வரவு நின்ற நிலமும் உயர்ந்து வரும் கடலும் எதிர்ப்பட்டால் வெற்றி எதற்கு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவு இன்றியமையாத மண் காவிரிக் கணக்கில் இடம்பெறவில்லை. உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் அளித்த தீர்ப்பின்படி, தமிழ்நாட்டிற்கு 404.25 டி.எம்.சி. நீர் உரியது, அதில் 177.25 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் வந்து சேரல் வேண்டும். சுற்றுச்சூழலுக்கு என 10 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதன் நூற்றில் ஒரு பங்கு வரையில் நுட்பமாகக் கணக்கிட்டுப் பங்கிடப்பட்டது நீர். பங்கிடப்பட்டது நீர் மட்டுமே. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் நாள்தோறும் படித்துக் கவலையும் மகிழ்ச்சியும் கொள்ளும் மக்கள், அவ்வணைக்குள் வந்த மண் எவ்வளவு, வெளியேறிய மண் எவ்வளவு என்று கேட்டறியார். மத்திய நீர் ஆணையம் முசிறி முதலிய இடங்களில் வண்டலையும் அளந்து வருகின்றது. அவ்வெண்கள் அலுவலக ஏடுகளில் உறங்குகின்றன.

வண்டல் ஒரு தொல்லை என்று கூறுவாரும் உளர். அது வாய்க்காலைத் தூர்க்கின்றது. ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிட்டுத் தூர்வார வேண்டியுள்ளது என்பது அவர் கூற்று. அது முற்றிலும் பொய்யன்று. ஆயின் வாய்க்காலிற் கிடந்தால் இடையூறாகும் மண்ணே வயலிற் சேர்ந்தால் செல்வமாகும். பண்டைக் குடிமராமத்து முறையில் ஊரார் கூடி வாய்க்காலையும் ஏரியையும் தூர்வாரினர். வாரிய வண்டலை வயலுக்கு எருவாக இட்டனர். தொல்லையைச் செல்வமாக மாற்றும் அறிவு அவர்களிடம் இருந்தது. இன்று தூர்வாரிய மண் கரைமீதே குவிக்கப்பட்டு, அடுத்த மழையில் மீண்டும் வாய்க்காலுக்கே திரும்புமாயின், பிழை மண்ணினுடையதன்று.

கால்வாய்க்குச் சிமெண்டுக் கரை அமைத்தலைப் பற்றியும் இங்கே எண்ணுதல் வேண்டும். கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. நீர் வீணாகாமல் கடைமடைக்கு விரைந்து சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். கடைமடை உழவரின் துயரை அறிந்தவர் இந்நோக்கத்தைக் குறைகூறார். ஆனால் கால்வாயின் அடிமுழுவதும் காரை பூசினால், நிலத்தடிக்கு இறங்கும் நீர் குறையும், கிணறுகள் வறளும். கரைமுழுவதும் பூசினால், வேரூன்ற இடமின்றி மரமும் புல்லும் மறையும். உடையும் இடங்களிலும் நீர் மிகுதியாகக் கசியும் இடங்களிலும் காரை வேண்டுவதே. அஃது ஒழிந்த இடங்களில் அடியைத் திறந்துவிட்டு, வெளிக்கரையில் மரம் வளர்த்தலே இரு நன்மையையும் காக்கும் வழியாகும்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? மேட்டூரில் நீரின் வரவு செலவோடு மண்ணின் வரவு செலவையும் மக்கள் அறிய வெளியிடுதல் வேண்டும். அளவு தெரியாத குறைக்கு மருந்து தேட முடியாது. ஆற்றில் மணல் அள்ளுவதாயின், ஆறு புதிதாகக் கொணர்ந்த அளவிற்கு மேற்படாமல் அள்ளுதல் வேண்டும். படுகை நிலங்களை மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அகற்றப்பட்டு, மூங்கிலும் நாணலும் நீர்மருதும் புங்கும் மீண்டும் வளர்க்கப்படல் வேண்டும். அணையிற் தங்கிய வண்டலைக் கீழே அனுப்புவதற்கு வழி உண்டா என்று பொறியியல் அறிஞர் ஆராய்தல் வேண்டும். சீன நாட்டு மஞ்சள் ஆற்றில் 1960ஆம் ஆண்டில் நீர் தேக்கத் தொடங்கிய சான்மென்சியா அணை சில ஆண்டுகளிலேயே வண்டலால் நிரம்பிற்று. சீனர் சோர்ந்துவிடவில்லை, அடிமதகுகளை அமைத்து அவ்வணையைத் திருத்தினர். 2002ஆம் ஆண்டு முதல் சியாவ்லாங்தி என்னும் அணையினின்று நீரை ஓங்கித் திறந்து, வண்டலைக் கடல்வரை செலுத்தும் முறையைக் கையாண்டனர். மஞ்சள் ஆறு வேறு, காவிரி வேறு. அங்குச் செய்ததை அப்படியே இங்குச் செய்தல் இயலாது. ஆயினும் மண்ணையும் ஆற்றின் ஒரு பகுதியாக மதித்த அவர்தம் நோக்கம் எங்கும் பொருந்துவதே.

ஒரத்தநாட்டு உழவர் அதுவரையிற் காத்திருக்க வேண்டுவதில்லை. கல்லணைக் கால்வாயால் நிரம்பும் ஏரிகள் அவர்கள் ஊர்களிலேயே உள்ளன. அவ்வேரிகளின் அடியில் வண்டல் உள்ளது. கோடையில் முறைப்படி இசைவு பெற்று அதனை எடுத்துச் செம்மண் வயலில் இட்டால், நிலத்திற்கு நீரையும் உரத்தையும் பிடித்துவைக்கும் ஆற்றல் கூடும். ஏரியின் ஆழமும் கூடும். தஞ்சைக் காட்டுத்தோட்டத்தில் மண்ணையும் நீரையும் ஆராயும் நிலையம் ஒன்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகின்றது. எம்மண்ணை எவ்வயலில் எவ்வளவு இடலாம் என்பதை அத்தகைய நிலையங்களின் துணைகொண்டு அறியலாம். கால்வாய்க் கரையில் மரம் நடுதல் ஒவ்வோர் ஊராரும், ஊர்ப் பள்ளி மாணவரும் செய்யக்கூடிய தொண்டேயாகும்.

2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தஞ்சைப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றிற்று. நிலம் வேறு தொழிலுக்கு மாறாமல் அச்சட்டம் காக்கும். நிலத்தின் உயிராகிய மண் வளத்தைச் சட்டம் மட்டும் காத்தல் இயலாது. ஆற்றை முழுமையாக அறிந்த மக்களே காத்தல் வேண்டும். நீருக்காக மாநிலங்கள் நெடுங்காலம் வழக்காடின. மண்ணுக்காக எவரோடும் வழக்காட வேண்டுவதில்லை. அதனை மதித்து, அளந்து, உரிய இடத்திற் சேர்த்தாற் போதும். காவிரி நீரைப் பெற்ற ஒரத்தநாடு காவிரி மண்ணையும் பெறும் நாளே, அவ்வாறு முழுமையாக அவ்வூரை வந்தடைந்த நாளாகும்.